பெல்ஜியத்து வாத்தியாரும் எங்கள் வீட்டு நாற்காலியும்

எங்கள் வீட்டில் நாற்காலி என்று இருந்தது ஒன்றே ஒன்று. கடைசி வருஷத்தில் அம்மாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடிதான் தூங்க முடியும் என்று ஆனபோது அப்பா பாளையங்கோட்டைக்குப் போய் அந்தப் பிரம்பு நாற்காலியை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அம்மா அதில் உட்கார்ந்தே தூங்கினாள். ஒரு நாள் விடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் வலது கைப்பிடியில் பிரம்பு அவிழ்ந்து தொங்கியது. அப்பா அதைக் கயிற்றால் சுற்றிக் கட்டினார். யாரும் அதில் உட்காருவதில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிற துரை, தாசில்தார், ஜெர்மன்காரன் எல்லாரும் இந்த நாற்காலியைச் சுற்றித்தான் வரப்போகிறார்கள். அந்த நாட்களில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் எனக்கு அன்றும் குழப்பம், இன்றும் குழப்பம். நாற்காலி மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

ஏரலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சர்ச், அதன் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடம். அப்பா அங்கே பெரிய வாத்தியார். ஊரில் மீசை முளைத்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் அவரிடம் குட்டு வாங்கி வளர்ந்தவர்கள். சின்ன வாத்தியார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தாய் தகப்பன் கிடையாது, ஒரே வாரத்தில் இருவரையும் காலரா கொண்டுபோய்விட்டது. அப்பாதான் அவரைப் போர்டிங்கில் சேர்த்துப் படிக்கவைத்து, வேலையும் வாங்கிக் கொடுத்து, கடைசியில் என்னையும் கொடுத்தார். வேலை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லலாம், என்னைக் கொடுத்ததற்கு என்ன சொல்வான் பாவம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம்.

அப்பாவைப் பற்றி யாராவது அரை வார்த்தை குறைத்துப் பேசினால் என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். எனக்குக்கூட அப்படி வராது. பெற்ற மகள் தகப்பனைத் தாராளமாகக் குறை சொல்லலாம். எடுத்து வளர்த்த பிள்ளைக்கு அந்தச் சௌகரியம் இல்லை போலிருக்கிறது.

பதினாலாம் வருஷம் ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கியதிலிருந்து சர்ச்சில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ராஜாவின் ஜெயத்துக்காக ஜெபம் நடந்தது. எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்பதுதான் வழக்கம். அந்த ஐயர் கண்ணை மூடி, ஜெர்மானியரை முறியடிக்கும் ஆண்டவரே என்று மன்றாடுவார். நான் ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஐயரவாள், ஜெர்மன்காரனும் வேதக்காரன்தானே? அவனும் இதே வேதத்தை வச்சிக்கிட்டு அவன் ராசாவுக்காவ முழங்கால் போட்டிருப்பாம்லா? கர்த்தர் யாரு பேச்சக் கேப்பாரு?"

"அத வீட்டுல ஒங்க அப்பாகிட்டக் கேளு" என்றார் ஐயர். அப்பாவிடம் கேட்டேன். ஐயரிடம் கேட்கச் சொன்னார்.

அப்பாவும் ஒரு குழப்பமான மனுஷர்தான். சில வருஷங்களுக்கு முன்னால் திருநெல்வேலியில் சுதேசி என்று கடையடைப்பும் கலகமுமாக இருந்தபோது, மிஷன் பள்ளிக்கூடத்து ஆட்களை வெள்ளைக்காரனின் எடுபிடிகள் என்று சந்தையில் வைத்து ஏசினார்கள். அப்பா வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வருஷத்திலிருந்து சீமைத் துணி உடுத்துவதை விட்டுவிட்டார். கேட்டால், உடம்பு அரிக்குது என்பார். இங்கிலீஷ் சங்கீதங்களைக் கண்ணீர் வரப் பாடுவதை மட்டும் விடவில்லை.

சண்டைக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்பு தாலுகாவிலிருந்து வந்தபோது, அதை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் வாசித்து, நாலு வார்த்தை எடுத்துச் சொல்லும் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. முதல் தடவை அப்பா மனசாரப் பேசினார். ஜெர்மன்காரனிடம் அநியாயமாகப் பிடிபட்ட பெல்ஜியம் என்ற சின்ன தேசத்தைக் காப்பாற்றப் போகிற சண்டை என்றார். சர்ச்சில் மணியடிக்கிறவரின் மகன் அதைக் கேட்டுவிட்டுச் சண்டைக்குப் போனான். கடல் தாண்டி பஸ்ராவில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான் என்று தகவல் வந்தது. மணியடிக்கிறவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மணியடித்தார். அப்பாவைப் பார்த்ததும் எப்போதும்போல் துண்டை இடுப்பில் கட்டி, "தோத்திரம் வாத்தியாரய்யா" என்றார். அன்று அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஆள் சேர்க்கத் துரையே வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். துரைக்கு உட்கார நாற்காலி வேண்டுமே! ஐயர் வீட்டு நாற்காலிக்குக் கால் ஆடும். தலையாரி எங்கள் வீட்டுக்குள் வந்து அம்மாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் குறுக்கே நின்று கத்தினேன். அப்பா, "கொடுத்தனுப்புளா" என்று மட்டும் சொன்னார்.

துரை பேசத் தொடங்கவும் மழை பிடித்துக்கொண்டது. ஊர் மொத்தமும் சர்ச்சுக்குள் ஓடியது. ஐயர் துரையைத் தம் அங்கிக்குள் அணைக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார். நான் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், மைதானத்தில் ஒருவர் மட்டும் நிற்கிறார். அப்பா. வெறும் நாற்காலிக்குக் குடை பிடித்துக்கொண்டு, தாம் முழுக்க நனைந்தபடி. அதைத் தூக்கி வர அவருக்குத் தெம்பு போதாது, மூச்சிளைப்பு உள்ளவர். மழை விடும்வரை அப்படியே நின்றார். சர்ச்சின் வாசல் எதிர்ப்பக்கம் பார்த்தது, அங்கிருந்து மைதானம் தெரியாது. பார்த்தது நான் ஒருத்திதான். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட. அம்மா சம்பந்தப்பட்டதை வாய்விட்டுப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த மழைக்குப் பிறகு சில மாதம் கழித்துத்தான் புத்தகம் வந்தது.

சாணித்தாளில் அச்சடித்த மெல்லிய புத்தகம். தலைப்பு 'பெல்ஜியம் தேசத்து வாத்தியார் சரித்திரம்'. எழுதியவர் பெயர் இல்லை. ஜெர்மன்காரன் பெல்ஜியத்தில் ஒரு ஊரைப் பிடித்துக்கொள்கிறான். அந்த ஊர் வாத்தியார் ஒருவர் ஜெர்மன்காரனுக்குக் கும்பிடு போட்டே முதுகு வளைந்துபோகிறவர். தளபதி இல்லாத நேரத்தில் தளபதியின் குதிரைக்கு வணக்கம் சொல்வார். ஜெர்மன்காரன் தும்மினால், அது நமக்கெல்லாம் சொன்ன புத்திமதி என்று மாணவர்களுக்கு விளக்குவார். ஏன் ஐயா இப்படி என்று யாராவது கேட்டால், "நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான், அவன் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டால் என்ன ஆவது?" என்பார்.

தாலுகா ஆபீசில் தமிழ்ப் புத்தகங்களுக்கு இங்கிலீஷில் சுருக்கம் எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா ஒருவர், ஜெர்மானியரையும் அவர்களுக்கு வால்பிடிக்கும் துரோகிகளையும் கண்டிக்கும் ராஜவிசுவாசமுள்ள நூல் என்று எழுதிவிட்டாராம். மேலே இருந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டுக்கட்டாக வாங்கி, ஒவ்வொரு ஊர் வாத்தியாரும் ஆள் சேர்க்கும் அறிவிப்போடு சேர்த்து இதையும் ஜனங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அந்தக் குமாஸ்தா புரியாமல் எழுதினாரா, புரிந்துகொண்டே எழுதினாரா என்பது என் குழப்பங்களில் ஒன்று. அந்தப் பெல்ஜியத்து ஜனங்கள் காலையில் பழைய சோறும் ஈருள்ளி வெங்காயமும் சாப்பிடுகிறார்கள். சாயந்தரம் ஆற்றில் குளித்துவிட்டு வெற்றிலை போடுகிறார்கள். அதையெல்லாம் படித்துமா புரியவில்லை?

ஊருக்கு முதல் பக்கத்திலேயே புரிந்துவிட்டது.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் முதலில் அறிவிப்பை வாசிப்பார், பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கதையில் இரண்டு பக்கம் வாசிப்பார். முகத்தில் ஒரு அசைவு இருக்காது. ஜனங்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவார்கள். பெண்கள் பக்கத்தில் சேலைத் தலைப்பு நனையும். வாத்தியார் தம்மைப் பற்றித் தாமே வாசிக்கிறார், பாவம், அது அவருக்கே தெரியவில்லை! இதைவிட வேடிக்கை என்ன வேண்டும்?

"சார்வாள், ஜெர்மன்காரன் குதிர நம்ம ஊருக்கு வந்தா என்ன சொல்லிக் கும்புடணும்?" என்று வாழைத்தாரு வியாபாரி அண்ணாச்சி ஒருவர் பணிவாகக் கேட்பார். அப்பாவும் பணிவாகவே, "அத அடுத்த வாரம் பாப்போம்" என்பார்.

ஒரு விஷயம் நடந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒருவர்கூட ஆள் சேர்ப்புக்குப் பெயர் கொடுக்கவில்லை. அறிவிப்பு வாசிக்கும்போதே ஜனங்கள் கதைக்காகக் காத்திருந்தார்கள். அறிவிப்பும் கதையில் ஒரு பகுதி மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு வேறு ஆத்திரம். கதையில் அந்த வாத்தியாருக்கு ஒரு மகள். வாய்க்காரி. அவள் கோழியை ஏசுகிற சத்தத்தில், படையெடுத்து வந்த ஜெர்மன்காரன், இங்கே ஏற்கெனவே பீரங்கி இருக்கிறது போலும் என்று ஒரு நாள் தயங்கி நின்றானாம். எனக்குக் கோழியை ஏசுகிற வழக்கம் உண்டு. அந்த வாரம் முழுக்க ஆற்றங்கரையில் என்னைப் பார்த்தவளெல்லாம், "பீரங்கி வருது, ஒதுங்குங்கட்டி" என்றாள். எழுதினவன் கையில் கிடைத்தால் உலக்கையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் ஐயரைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஏரலில் மருந்துக்கடை வைத்திருந்தவரை. என் வீட்டுக்காரரைக்கூட ஒரு நாள் உற்றுப் பார்த்தேன். அவர் அந்தப் புத்தகத்தின் பெயரைக் கேட்டாலே எழுந்துபோகிறவர்.

"மாமாவ ஊரே கூத்துக் கட்டி ஆடுது. அவுகளே அத வாசிக்காக. ஒனக்கு ஒரைக்கல்லியா?" என்று என்னிடம் ஒருமுறை கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அபூர்வம்.

"உத்தரவு வந்திருக்குல்லா? வாசிக்காம என்ன செய்வாக?"

"மாமா பேச்ச நம்பி நாலு பேரு சண்டைக்கிப் போனா இந்தச் சிரிப்பு நிக்கும்" என்றார். எனக்கு அது அப்போது காதில் சரியாக ஏறவில்லை.

சர்ச் பண்டிகையில் அசனம் என்று பொதுச் சாப்பாடு உண்டு. எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து, சபைக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்போம். பண்டிகை வந்தால் எல்லா வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் வேகும். யார் வீட்டு அரிசி யார் இலையில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஜெபம் பண்ணிப் பரிமாறிய பிறகு அந்தச் சோற்றை விட்டு எழுந்தால், சபையையே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். ஜென்மப் பகைக்காரர்கள்கூட அன்று எழுந்திருக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் அசனத்துக்குத் தாசில்தாரும் வந்திருந்தார். அவருக்காக மறுபடியும் அம்மாவின் நாற்காலி போனது. பந்திக்கு முன்னால் கதை வாசிக்கட்டும் என்றார். அப்பா வாசித்தார்.

அன்றைய பகுதியில், ஜெர்மன் தளபதி ஊர்க்கூட்டத்துக்கு வருகிறார். மழை பெய்கிறது. எல்லாரும் ஓடுகிறார்கள். வாத்தியார் மட்டும் நகராமல், தளபதி உட்கார்ந்திருந்த வெறும் நாற்காலிக்குக் குடை பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, "ஆசனத்துக்குச் சளி பிடிக்கக் கூடாது பிரபு" என்று நாற்காலியோடு பேசுகிறார். அந்த நாற்காலிக்குக் கைப்பிடியில் கயிறு சுற்றியிருக்கிறது.

தாசில்தார் அதே கயிற்றின்மேல் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதைப் பார்த்து ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கயிறு ஊருக்குத் தெரியும். குடை? குடையைப் பார்த்தது நான் மட்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் அதை அறிந்தவர் இன்னும் ஒரே ஒருவர்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பந்தி உட்கார்ந்து, ஜெபம் முடிந்து, சோறும் கறியும் விழுந்துவிட்டது. வாழைத்தாரு அண்ணாச்சி குழம்புவாளியோடு அப்பா முன்னால் வந்து குனிந்தார்.

"சார்வாள், ஒங்க எலைக்குக் கொட பிடிக்கட்டா? சோத்துக்குச் சளி பிடிச்சிரப் போவுது."

பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அதுதான் என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. ஒன்றும் புரியாத வெள்ளை மனசு, தன்னைக் குத்துவது தெரியாமல் தானும் சேர்ந்து சிரிக்கிறது என்று நினைத்துவிட்டார். எழுந்து நின்றார். இலையில் சோறு அப்படியே இருந்தது. பந்தி சட்டென்று அடங்கியது.

"மாமா சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்னுதானே சிரிக்கீய? நா கேக்கேன். நா போறேன் சண்டைக்கி."

"எய்யா, இரு. உக்காரு" என்று அப்பா கையில் சோற்றோடு எழுந்தார். அவர் வாய் திறந்து மூடியதை நான் பார்த்தேன். பக்கத்தில் நாற்காலியில் தாசில்தார்.

"நீங்க சாப்பிடுங்க மாமா" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

தாசில்தார் சபாஷ் என்று எழுந்து அவர் முதுகில் தட்டி, தம்முடைய வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். நான் வண்டிக்குப் பின்னால் வாழைத்தோட்டம் முடிகிறவரை ஓடினேன். கத்தினேன். பீரங்கி என்று பெயர் வாங்கிய என் சத்தத்துக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அப்பா பாளையங்கோட்டைக்குப் போனார். கையெழுத்து வாங்கி, பெங்களூர்ப் பக்கம் ரயிலேற்றி அனுப்பிவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா திரும்பி வந்து வீட்டுக்கு வராமல் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிள்ளைகள் போயிருந்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்தப் புஸ்தகம் நீங்க எழுதுனதுதானே?"

"ஆமா மவளே" என்றார். மறைக்கவே இல்லை. "திருநெவேலியில அச்சாபீஸ் வச்சிருக்கவன் என்கூடப் படிச்சவன்."

"எதுக்கு?"

"என் பேச்ச நம்பித்தான் மணியடிக்கவரு மவன் போனான். நா என்ன சொன்னாலும் இந்த ஊரு நம்பும். அந்த நம்பிக்கய ஒழிக்கணும்னு நெனச்சேன். கேக்கவன் சிரிச்சிட்டா, பொறவு எவனும் போவ மாட்டாம்லா."

"வாசிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போறதுதானே!"

"நா மாட்டேன்னா வேற ஒருத்தன வச்சு வாசிக்கச் சொல்லுவாங்க. அவன் நல்லா வாசிச்சிட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது பெல்ஜியத்து வாத்தியார் சொல்கிற அதே வசனம். இதற்குத்தான் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும்தான். அப்படியானால் அது கேலிக்கு எழுதினதா, நிஜமாகவே சொன்னதா? அப்பா வெள்ளைக்காரனுக்கு வேலை செய்தாரா, வெள்ளைக்காரன் வேலையைக் கெடுத்தாரா? இரண்டையும் ஒரே வாயால் செய்தாரே, அதற்கு என்ன பெயர்? நான் கேட்க நினைத்தது இத்தனை, வாயில் வந்தது வேறொன்று.

"அம்மா நாக்காலிய எப்பிடிப்பா எழுதுனீய? அதப் போயி ஊரு சிரிக்கவா?"

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். "வேற என்னத்த எழுத? நா சொந்தமா செஞ்சது அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்குக் கோபம் போகவில்லை. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கோழியை ஏசினேன்.

உண்மையை என் வீட்டுக்காரருக்கு எழுதவும் வழியில்லை. பட்டாளத்துக்குப் போகிற கடிதத்தையெல்லாம் பிரித்துப் படிப்பார்கள். எழுதினால் அப்பா ஜெயிலுக்குப் போவார். நாங்கள் சுகம், நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம் என்று எழுதினேன். பஸ்ராவிலிருந்து அவரும் அதையேதான் எழுதினார். கடைசியில் மட்டும், மாமாவை இப்போது யாரும் சிரிக்கவில்லையே என்று ஒரு வரி இருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளையே போய்விட்டதென்று ஊர் அடங்கிவிட்டது. அவரைப் பார்த்து இன்னும் சிலர் கிளம்பினார்கள். அப்பா தொண்டை சரியில்லை என்று வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். அதற்குள் வாசித்த மட்டும் போதும் என்று, ராஜ முத்திரை போட்ட நற்சாட்சிப் பத்திரம் ஒன்று அவருக்கு வந்தது. ஐயர் அதைச் சர்ச்சில் எல்லார் முன்னாலும் கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். முதுகு வளைந்திருந்தது. அது நடிப்பா, வயசா, எனக்குத் தெரியவில்லை.

சண்டை முடிந்து அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் வந்தார். கோடையில் ஆற்றில் கணுக்காலளவுத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து இறங்கியபோதுதான் பார்த்தேன், இடது கால் மடங்கவில்லை. முழங்கால் கட்டை மாதிரி நின்றுபோய்விட்டது. நான் ஊர் கேட்க அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே, "பீரங்கி இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தக் கேலிகூட அந்தப் புத்தகத்திலிருந்து வந்தது.

இனி அவரால் தரையில் உட்கார முடியாது. அப்பா தாமே போய் அம்மாவின் நாற்காலியைத் தூசி தட்டிக் கூடத்தின் நடுவில் போட்டார். என் வீட்டுக்காரர் தயங்கினார். "உக்காருய்யா, ஒனக்குத்தான்" என்றார் அப்பா. அம்மாவுக்குப் பிறகு எங்கள் வீட்டு ஆள் ஒருவர் அதில் உட்கார்ந்தது அன்றுதான். நீட்டிய காலுக்கு நான் முக்காலி போட்டேன். ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது. வாழைத்தாரு அண்ணாச்சி ஒரு சீப்புப் பழத்தைக் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு அவர் அப்பாவைப் பார்த்து, "அந்தப் புஸ்தகம் எழுதுனவன் யாருன்னு தெரிஞ்சிச்சா மாமா? அங்கன கூடாரத்துல ஒருத்தன் அத வச்சிருந்தான். சிரிச்சிச் சிரிச்சி வாசிச்சான். நா அவன் பல்ல ஒடச்சேன்" என்றார்.

நான் அடுக்களை வாசலில் நின்றேன். அப்பா எழுந்து, ஆள் சேர்க்கும் அறிவிப்பு வாசிக்கும்போது நிற்பாரே அப்படி, நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"நாந்தாய்யா எழுதுனேன்" என்றார். பிறகு மணியடிக்கிறவர் மகனிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். என் வீட்டுக்காரர் கைப்பிடிக் கயிற்றைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே கேட்டார். அப்பா சொல்லி முடித்த பிறகும் நீவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நா யாருக்காவப் போனேன் மாமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நான் உள்ளே புகுந்து பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார். அப்பா வாயைத் திறந்து மூடினார், அசனப் பந்தியில் செய்ததுபோல. இப்போது பக்கத்தில் தாசில்தார் இல்லை.

அவர் இரண்டு கைப்பிடியையும் ஊன்றி, கஷ்டப்பட்டு எழுந்தார்.

"நீங்க உக்காருங்க" என்றார்.

அப்பா உட்காரவில்லை.

அதற்குப் பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார்கள். பேச்சு நின்றுபோகவில்லை. பிள்ளைகளின் பாடம், ஆற்றில் தண்ணீர், வாழைக்கு விலை எல்லாம் பேசுவார்கள். மாமா என்பதும் மாறவில்லை, எய்யா என்பதும் மாறவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் அந்த நாற்காலியில் மறுபடி உட்காரவில்லை. ஜன்னல் திட்டில் தட்டை வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டார். அவர் நிற்கிறார் என்று அப்பாவும் உட்காராமல், தூணில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிட்டார். நடுக்கூடத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தது. உக்காந்து தின்னுங்களேன் ரெண்டு பேரும் என்று நான் கத்தாத நாளில்லை.

கடைசியில் ஒரு நாள் கோபத்தில், நீங்க உக்காராட்டா சபையாவது உக்காரட்டும் என்று, சபைக்கு எடுத்து வைக்கிற பிடியரிசிப் பானையைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்தேன். இரண்டு பேரும் பார்த்தார்கள். எடு என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.